ஸ்ரென்ட் வைச்ச பிறகு வாற பதகளிப்பு: அப்பா கதிரையை விட்டு எழும்புறாரில்லை

முரசுமோட்டைப் பிள்ளை:

வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, வயல் செய்யிறவர். மாரடைப்பு வந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில அஞ்சியோ (இருதயக் குழாய்ப் படம்) செய்து ஒரு ஸ்ரென்ட் (குழாயை விரிச்சு வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைச்சவை, மணிக்கட்டால போய்த்தான் செய்தது. வீட்டை வந்து ஐஞ்சு கிழமை. கைக்காயம் ஆறீட்டுது. கிளினிக்கில ஈசிஜியும் எக்கோவும் (இருதய ஸ்கான்) பாத்திட்டு, இருதயம் நல்லா அடிக்குது, நடவுங்கோ, பாரம் தூக்கிற வேலை மட்டும் இப்ப வேண்டாம் எண்டு சொல்லி விட்டவை.

ஆனா ஆள் விறாந்தைக் கதிரையை விட்டு எழும்புறாரில்லை. பிறசர் மெசினைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு நெடுக அமத்திப் பாக்கிறார். கிணத்தடிக்குத் தனிய போகமாட்டார். இரவில படுத்த உடன நெஞ்சு படபடக்குது, கைவிரல் விறைக்குது எண்டு எழும்பி இருக்கிறார். ஓட்டோ பிடிச்சுக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடினால் ஈசிஜி நோமல், பயப்பிடாதேங்கோ எண்டு திருப்பி விடுகினம். அடுத்த நாள் பழையபடி அதே கதைதான்.

குளிசையள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வஸ்டட்டின், பிசோப்ரோலோல், எனலாப்ரில். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமினும் கிளிக்லசைட்டும். நெஞ்சு நொந்தால் நாக்குக்குக் கீழ வைக்கச் சொல்லி ஒரு குளிசையும் தந்திருக்கினம்.

எது பயம், எது உண்மையான நெஞ்சு நோ எண்டு வீட்டில இருந்துகொண்டு எப்பிடிப் பிரிக்கிறது? பயத்துக்கு என்ன செய்யலாம்? "யோசிக்காதேங்கோ" எண்டு நாங்கள் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனம்.

வார்ட் வாசல்:

பிள்ளை, முதல் கேள்விக்கு நேரடியாச் சொல்லுறன். வீட்டில வைச்சு நூற்றுக்கு நூறு பிரிக்க ஏலாது. டொக்டருக்கே ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் வேணும். ஒவ்வொரு குத்துக்கும் அப்பா தானே நீதவானா இருந்து தீர்ப்புச் சொல்லவேண்டிக் கிடக்கு. அவற்ற பதகளிப்பில பாதி அதுதான். அந்த வேலையை அவரிட்டை இருந்து எடுத்து ஒரு மட்டையில எழுதிச் சுவரில ஒட்டுங்கோ. நோ வந்தால் மட்டை சொல்லுறதைச் செய்யிறது, அவ்வளவுதான்.

மட்டையில எழுதவேண்டியது இது. நெஞ்சில இறுக்கம், பாரம், எரிவு வந்தாலோ, நோ தாடைக்கு, தோளுக்கு, கைக்கு, முதுகுக்கு ஓடினாலோ செய்யிற வேலையை அப்பிடியே விட்டிட்டுக் கதிரையில இருக்கவேணும். நிண்டுகொண்டு மருந்து வைக்கக்கூடாது, பிறசர் இறங்கி விழுவார். ஒரு குளிசை நாக்குக்குக் கீழ. விழுங்கக்கூடாது, சப்பக்கூடாது. மணிக்கூட்டைப் பாருங்கோ. 5 நிமிசத்தில நோ குறையாட்டில், அல்லது கூடிக்கொண்டு போனால், உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. அடிச்சிட்டு இரண்டாவது குளிசையை வைக்கலாம். அதுக்கும் 5 நிமிசம் விட்டு மூண்டாவது. அதுக்கு மேல இல்லை. மூண்டும் முடியும் மட்டும் பாத்துக்கொண்டிருந்து பிறகு அடிக்கிறது எங்கட பக்கத்துக்குச் சரிவராது, ஏ9 றோட்டுக்கு வரவே நேரம் போயிடும். உங்கட டொக்டர் வேற கணக்குச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதை எழுதுங்கோ.

குளிர்ந்து வேர்க்கிறது, சத்தி, மூச்சு எடுக்க ஏலாமை, மயக்கம் இதுகள் நோவோட சேர்ந்து வந்தால் 5 நிமிசமும் பாக்கவேண்டாம். சீனி வருத்தக்காரருக்கு நோ இல்லாமலே வேர்வையும் மூச்சுமுட்டும் களைப்பும் மட்டும் வரலாம், அப்பாவுக்கு அந்த வரியையும் கட்டாயம் போடுங்கோ.

நாக்குக்குக் கீழ வைக்கிற அந்தக் குளிசை எங்க கிடக்குது எண்டு இப்ப போய்ப் பாருங்கோ. அது தன்ர கண்ணாடிப் போத்தலிலதான் இருக்கவேணும். பிளாஸ்ரிக் டப்பாவுக்கோ கடதாசி உறைக்கோ மாத்தினால் மருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிப் போயிடும், குளிசை மட்டும் அப்பிடியே இருக்கும். சட்டைப் பையில உடம்புச் சூட்டோட கொண்டு திரியிறதும், தகரக் கொட்டிலுக்குள்ள வைக்கிறதும் அதே பிழை. போத்தல் திறந்த திகதியை மேல எழுதி 8 கிழமையில புதுசு எடுக்கவேணும். கெட்டுப்போன குளிசையை வைச்சிட்டு "குளிசைக்கும் கேக்குதில்லை" எண்டு வீடே பதறினதை வார்ட்டில கனக்கக் காணலாம். குளிசை வைச்ச பிறகு தலையிடிச்சால் பயப்பிடவேண்டாம், அது மருந்தின்ர குணம். இன்னொண்டு, வெக்கத்தில ஒருத்தரும் கேக்கிறேல்லை: ஆண்மைக் குளிசை பாவிக்கிற ஆக்கள் இதோட சேர்த்துப் பாவிச்சால் பிறசர் அடியோட விழும். சில்டெனாஃபில் எண்டால் 24 மணித்தியாலம், டடலாஃபில் எண்டால் 48 மணித்தியாலம் இடைவெளி வேணும்.

1990க்கு அடிக்கேக்க ஊர், கிட்டடிச் சந்தி, பள்ளிக்கூடம் அல்லது கோயில், ஒழுங்கை எந்தப் பக்கம் எண்டதை இந்த ஒழுங்கிலயே சொல்லுங்கோ. அதையும் மட்டையில எழுதிவைச்சால் பதட்டத்தில வாய் தடுமாறாது. ஒருத்தர் ரோச்சோட றோட்டு முகப்பில நிக்கவேணும். படலையைத் திறந்து நாயைக் கட்டிவையுங்கோ. மோட்டச்சைக்கிளில இரண்டு பேருக்கு நடுவில இருத்திக்கொண்டு ஓடுறது வேண்டவே வேண்டாம், வழியில இதயம் நிண்டால் ஒண்டும் செய்ய ஏலாது.

இனி அடையாளங்கள். இதுகள் தீர்ப்பு இல்லை, அப்பாவுக்கு விளங்கவைக்கத்தான். இருதய நோ பெரும்பாலும் வேலை செய்யேக்க, நடக்கேக்க, சாப்பிட்டிட்டு ஏறேக்க வரும், இருந்தால் சில நிமிசத்தில இறங்கும். அகலமா, கைவிரிச்சுக் காட்டிற மாதிரி இருக்கும். ஒரு விரலால தொட்டுக் காட்டிற ஊசிக்குத்து, அமத்தினால் நோகிற இடம், திரும்பிப் படுத்தால் மாறுற நோ, இரண்டு மூண்டு செக்கனில போற குத்து, இதுகள் பெரும்பாலும் தசையோ எலும்போ. ஸ்ரென்ட் வைச்ச முதல் நாளுகளில குழாய் விரிஞ்சதால லேசான ஒரு உளைவு இருக்கிறதும் வழமை. படுத்த உடன வாற படபடப்பு, கைவிரலும் உதட்டைச் சுத்தியும் விறைக்கிறது, இது வேகமா மூச்சு விடுறதால வாறது. உடம்பில கரியமில வாயு குறைஞ்சு நரம்பு கூசுது. ஏறக்குறைய 10 நிமிசத்தில உச்சத்துக்கு வந்து அரை மணித்தியாலத்துக்குள்ள தானா இறங்கும்.

இதை மாத்தக் கடதாசிப் பையில ஊதி மூச்செடுக்கச் சொல்லுற பழைய வைத்தியம் இருதயக்காரருக்கு ஆபத்து, ஒட்சிசன் குறைஞ்சுபோகும். ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ.

கனகராயன் கரை:

மேல எழுதினது முழுக்கச் சரி. நான் குளிசைப் பக்கத்தைச் சொல்லுறன். "பயம்" எண்டு பேர் வைக்க முதல் வேற சாமான்களை விலத்தவேணும், இவருக்கு அப்பிடி மூண்டு நாலு இருக்கு.

முதல் சந்தேகம் கிளிக்லசைட். ஆஸ்பத்திரியால வந்த பிறகு பயத்தில சோத்தைக் குறைச்சிருப்பார், குளிசை மட்டும் பழைய அளவு. சீனி இறங்கினால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, ஏதோ நடக்கப்போகுது எண்ட பயம் எல்லாம் வரும், பதகளிப்பு மாதிரியே இருக்கும். அதோட பிசோப்ரோலோல் எடுக்கிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைஞ்சுபோகும், வேர்வை மட்டும் மிஞ்சும். இரவில எழும்பி இருக்கேக்க பிறசர் பாக்கிறதை விட்டிட்டு ஒருக்கா விரலில குத்திச் சீனியைப் பாருங்கோ. 70க்குக் கீழ எண்டால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிசத்தில திரும்பப் பாக்கவேணும். நோமலுக்கு வந்தாப்போல ஒரு பிஸ்கட்டோ ஒரு துண்டு பாணோ. அப்பிடி ஒருக்கா வந்தாலே அடுத்த கிளினிக் மட்டும் காத்திருக்காமல் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. விரதம் பிடிக்கிற ஆள் எண்டால் விரத நாளுக்கு இந்தக் குளிசையை என்ன செய்யிறது எண்டதையும் முதலே கேட்டு வையுங்கோ.

பிசோப்ரோலோல் நாடித்துடிப்பைக் குறைக்கத்தான் குடுக்கிறது. மெசினில 54, 56 எண்டு காட்டினால் "இருதயம் நிக்கப்போகுது" எண்டு இவையள் வெருளுவினம். அது மருந்து வேலை செய்யிறதின்ர அடையாளம். 50க்குக் கீழ இறங்கி அதோட தலைச்சுத்தோ மயக்கமோ வந்தால்தான் விசயம். கைகால் குளிருறது, களைப்பு எல்லாம் இதாலயும் வரும். கெட்ட கனவு இந்த இனத்திலயே ப்ரொப்ரனலோல், மெட்டோப்ரோலோல் எடுக்கிற ஆக்களுக்குத்தான் கூட.

எனலாப்ரில் எழும்பி நிக்கேக்க தலைச்சுத்தும், வறட்டு இருமலும் தரும். சோளகம் வீசுற வெயில் காலத்தில உடம்பில தண்ணி குறைய இது இன்னும் கூடும். படுக்கையால எழும்பேக்க கட்டில் ஓரத்தில ஒரு நிமிசம் இருந்து, பிறகு எழும்பி, ஒரு நிமிசம் பிடிச்சுக்கொண்டு நிண்டு நடக்கச் சொல்லுங்கோ. கிணத்தடியில குனிஞ்சு நிமிந்து குளிக்கிறதை விட ஸ்ரூலில இருந்து குளிக்கிறது நல்லம்.

அடுத்தது மலம். தார் மாதிரிக் கறுத்து ஒட்டிக்கொண்டு போகுதோ எண்டு பாருங்கோ. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்தால் வயித்துக்குள்ள இரத்தம் கசியலாம், இரத்தம் குறைஞ்சால் களைப்பும் படபடப்பும் மூச்சும் வரும். அயன் குளிசை எடுத்தாலும் கறுப்பாப் போகும், குழம்பவேண்டாம். சந்தேகமெண்டால் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஆனா பயத்தில குளோபிடோக்ரலை நீங்களா நிப்பாட்டக்கூடாது. மாரடைப்போட வைச்ச ஸ்ரென்ட்டுக்கு அது வழமையா ஒரு வருசம், ஆஸ்பிரின் ஆயுளுக்கும். இடையில நிப்பாட்டினால் ஸ்ரென்ட்டுக்குள்ள இரத்தம் கட்டிப்போகும். பல்லுப் பிடுங்கப் போனாலும் இருதய கிளினிக்கைக் கேக்காமல் நிப்பாட்டவேண்டாம். கிளினிக்கில மருந்து முடிஞ்சுபோய் வெளியில வாங்கச் சொல்லித் துண்டு தந்தால் அண்டைக்கே வாங்குங்கோ, கையில எப்பவும் ஒரு கிழமைக்குரிய குளிசை மிச்சம் இருக்கவேணும். ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்த உடன எடுக்கலாம். அடுத்த வேளைக்குக் கிட்டவெண்டால் விட்டிடுங்கோ, இரட்டையாப் போடக்கூடாது.

இதை வாசிக்கிற வேற ஆக்களுக்கு: குளோபிடோக்ரலுக்குப் பதிலா டிகாக்ரலோர் எடுக்கிற ஆக்களுக்கு சும்மா இருக்கேக்கயே மூச்சுப் போதாத மாதிரி வரலாம். அது அந்த மருந்தின்ர தெரிஞ்ச பக்கவிளைவு, டொக்டரிட்டைச் சொன்னால் பாத்து மாத்துவினம்.

மல்லாவிச் சந்தி:

இவ்வளவு வில்லங்கம் ஏன்? பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஆஸ்பத்திரியில தாற நித்திரைக் குளிசை பாதி குடுத்தால் விடிய மட்டும் படுப்பார். எங்கட பக்கம் கனபேர் செய்யிறதுதான்.

வார்ட் வாசல்:

கனபேர் செய்யிறது எண்டது உண்மை, அதாலதான் கழுத்தெலும்பும் இடுப்பெலும்பும் முறிஞ்சு கனபேர் வருகினம். அப்பிடித் தாற நித்திரைக் குளிசை பெரும்பாலும் டயசபாம், அது வயசானவரின்ர உடம்பில நாள்க்கணக்கில நிக்கும். இரவு சலத்துக்கு எழும்பேக்க பிறசர் குளிசையும் இதுவும் சேர்ந்து ஆளை விழுத்தும். அவர் இரத்தம் இளக்கிற மருந்து இரண்டு எடுக்கிறார், தலை அடிபட்டால் மண்டைக்குள்ள இரத்தம் கசியும். இரண்டு மூண்டு கிழமை தொடர்ந்தால் அது இல்லாமல் நித்திரை வராது, நிப்பாட்டினால் பதகளிப்பு முந்தினதை விடக் கூட வரும். இதில சாராயத்தையும் சேர்த்தால் மூச்சே அடங்கும்.

முரசுமோட்டைப் பிள்ளை:

பெரிய நன்றி. சீனி விசயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை, இண்டைக்கே பாக்கிறம்.

இன்னும் இரண்டு. அம்மா அவரை ஒரு செம்பு தண்ணி எடுக்கவும் விடுறாவில்லை, மணிக்கொருக்கா "நெஞ்சு நோகுதோ" எண்டு கேக்கிறா. நடக்கச் சொன்னால் எங்க நடக்கிறது? றோட்டில நாய், அங்கால காட்டுப் பக்கம் யானை. மற்றது, அப்பாவுக்கு 2009இல நெஞ்சுப் பக்கம் காயம், சின்னப் பீஸ் (செல் சிதறல்) ஒண்டு இன்னும் உள்ளுக்க இருக்கு. வெடிச் சத்தம் கேட்டால் இப்ப முந்தினதை விடக் கூடப் பதறுறார்.

ஒழுங்கை முகப்பு:

உளவள வேலைப் பக்கம் இருக்கிறபடியால் அந்தப் பக்கத்தை எழுதுறன், கொஞ்சம் நீளும்.

பயம் ஏன் போகுதில்லை எண்டு விளங்கினால்தான் மற்றது விளங்கும். படபடக்குது, மெசினை அமத்துறார், 130 எண்டு வருது, அப்பாடா எண்டு இருக்கு. அந்த ஆறுதல் கொஞ்ச நேரந்தான். "மெசின் இருந்தபடியால் தப்பினன்" எண்டு மனம் பதிஞ்சுவைக்குது, அடுத்த முறை இன்னும் கெதியா மெசின் கேக்குது. இரவில ஓட்டோ பிடிக்கிறதும், அம்மா பக்கத்தில இருக்கிறதும், கதிரையிலயே கிடக்கிறதும் இதே மாதிரித்தான் வேலை செய்யுது. அதாலதான் "நோமல்" எண்ட சொல் ஒரு நாளைக்கு மேல நிக்கிறேல்லை.

மெசினைப் பறிச்சு ஒளிக்காதேங்கோ, சண்டைதான் வரும். நேரம் வையுங்கோ. காலமை குளிசைக்கு முதல் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. பாக்க முதல் சலம் கழிச்சு, 5 நிமிசம் கதையாமல், முதுகு சாய்ச்சு, கால் இரண்டும் நிலத்தில வைச்சு, கையை நெஞ்சு மட்டத்தில மேசையில வைச்சு இருக்கவேணும். ஒரு நிமிச இடைவெளியில இரண்டு தரம் பாத்து இரண்டையும் கொப்பியில எழுதினால் முடிஞ்சுது. மெசின் அலுமாரிக்குள்ள, திறப்பு உங்களிட்டை. நெஞ்சு நோ வந்தால் மெசின் தேவையில்லை, மட்டைதான். கைப்பட்டி சின்னனா இருந்தால் பிறசர் கூடக் காட்டும், பற்றரி இறங்கினால் கண்டபடி காட்டும், பதறிக்கொண்டு பாத்தாலும் கூடத்தான் காட்டும். விரலில மாட்டுற ஒட்சிசன் மெசினும் வீட்டில இருந்தால் அதுவும் அலுமாரிக்குள்ளதான்.

நடக்கிறதுக்கு றோட்டு எதுக்கு? கால் ஏக்கர் வளவை வேலியோரமாச் சுத்தினால் கிட்டத்தட்ட 125 மீற்றர் வரும், எட்டுச் சுத்து ஒரு கிலோமீற்றர். இவ்வளவு நாளும் இருந்த ஆள், அதால 5 நிமிசம் காலமை, 5 நிமிசம் பின்னேரம் எண்டு துவங்குங்கோ. இரண்டு நாளைக்கொருக்கா ஒரு நிமிசம், உடம்பு ஏத்துக்கொண்டால் இரண்டு நிமிசம் கூட்டி, ஒரு தரத்தில 30 நிமிசத்துக்கு மெல்லக் கொண்டுவரலாம். நடக்கேக்க முழு வசனம் கதைக்க ஏலவேணும், பாட்டுப் பாட ஏலாமல் இருக்கவேணும், அந்த வேகம் காணும். முதல் கொஞ்சத் தூரமும் கடைசிக் கொஞ்சத் தூரமும் மெதுவா. சடாரெண்டு நிண்டால் பிறசர் இறங்கித் தலைசுத்தும், பிறகு அதையும் மாரடைப்பு எண்டு நினைப்பார். காலமை 7 மணிக்கு முதல், பின்னேரம் 5க்குப் பிறகு. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போகட்டும். செருப்பு இறுக்கமானதா இருக்கட்டும், சீனிக்காரருக்குக் காலில முள்ளுக் குத்தினாலும் தெரியாது. நடக்கேக்க இருதயம் அடிக்கத்தான் செய்யும், மூச்சு வாங்கத்தான் செய்யும். "இது வரவேண்டியது, இருந்தால் இறங்குது" எண்டு அவர் தன்ர உடம்பிலயே காணுறதுதான் உண்மையான மருந்து. ஆரும் எழுதித் தந்த ரிப்போட் அந்த வேலையைச் செய்யாது.

பயந்து விலத்திற இடங்களை ஏணிப்படி மாதிரி ஒழுங்குபடுத்துங்கோ. அப்பாவோட இருந்து அவற்ற வாயாலயே எழுதவேணும். உதாரணத்துக்கு: அம்மா குசினியில நிக்க, அவர் முத்தத்தில 10 நிமிசம் தனிய. பிறகு அம்மா கூப்பிடு தூரத்தில நிக்கக் கிணத்தடியில குளிப்பு (தண்ணியை வேற ஆள் அள்ளி வைக்கட்டும், 10 லீற்றர் வாளி 10 கிலோவுக்கு மேல, கயித்தில இழுக்கிற பாரம் இப்ப வேண்டாம்). பிறகு வளவைத் தனியச் சுத்துறது. ஒழுங்கை முகப்பு மட்டும். சந்திக் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கிறது. வீட்டில ஒரு மணித்தியாலம் தனிய. கடைசியா வயல் வரம்பில போய் நிண்டு பாத்திட்டு வாறது. ஒவ்வொரு படியிலயும் பயம் பத்துக்கு எவ்வளவு எண்டு கேளுங்கோ. 7 எண்டு துவங்கினால் அது பாதியா இறங்கும் மட்டும் அந்த இடத்திலயே நிக்கவேணும், உச்சத்தில ஓடி வந்தால் பயம் வெண்டிடும். அடுத்த நாளும் அதே படி. 3க்கு இறங்கினால்தான் மேல ஏறுறது. நாக்குக்குக் கீழ வைக்கிற போத்தலும் போனும் கூடப் போகலாம், பிறசர் மெசின் போகக்கூடாது. நெஞ்சு நோ வந்தால் படி, ஏணி எல்லாத்தையும் விட்டிட்டு மட்டை.

மண்வெட்டி பிடிக்கிறது, மூட்டை தூக்கிறது, 16 லீற்றர் மருந்தடிக்கிற மெசினை முதுகில கட்டுறது எல்லாம் கிளினிக்கில கேட்டுத்தான். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போறது எண்டு ஏதும் நேத்தி இருந்தால், அம்மாளாச்சி ஒரு வருசம் பொறுப்பா.

மூச்சு. மூக்கால 4 எண்ணி உள்ளுக்கு, வாயைக் குவிச்சு 6 எண்ணி வெளியில. ஒரு கை நெஞ்சில, ஒரு கை வயித்தில, வயித்துக் கை மட்டும் எழும்பவேணும். அடக்கி வைக்கிறது இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் 5 நிமிசம், அமைதியா இருக்கிற நேரத்தில. கனபேர் இதைப் பயம் வந்த நேரத்தில முதல்முதலாச் செய்து பாத்திட்டுச் சரிவரேல்லை எண்டு விடுகினம். இரண்டு கிழமை பழகினால்தான் இரவில கை குடுக்கும். எண்ணுறது பிடிக்காட்டில் தேவாரத்தை இழுத்து ஆறுதலாப் பாடலாம், வேதக்காரர் எண்டால் செபமாலை சொல்லலாம், மூச்சு தானா நீளும். கையை முஷ்டி பிடிச்சு இறுக்கி விடுற பயிற்சியளை இருதயக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக்கூடாது, பிறசர் ஏறும்.

இரவுக்கு: பின்னேரம் 5 மணிக்கு 15 நிமிசம் யோசினைக்கு எண்டு ஒதுக்கி, பயங்களை ஒரு கொப்பியில எழுதட்டும். இரவில வந்தால் "நாளைக்கு 5 மணிக்கு" எண்டு தள்ளிவிடப் பழகலாம். பின்னேரம் 3க்குப் பிறகு சாயத் தேத்தண்ணி வேண்டாம். பகல் நித்திரை அரை மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம். 20 நிமிசமா நித்திரை வராட்டில் கட்டிலை விட்டு எழும்பி இருந்திட்டு, கண் சொருகேக்க திரும்பப் படுக்கட்டும். ஒண்டை மட்டும் பயத்தோட சேர்க்காதேங்கோ: படுத்தால் மூச்சு முட்டி இரண்டு மூண்டு தலகணி வைக்கவேண்டி வருகுதோ, நித்திரையால மூச்சுத்திணறி எழும்பி இருந்தால்தான் சுகமோ, கணுக்கால் வீங்குதோ, இரண்டு மூண்டு நாளில 2 கிலோ நிறை கூடுதோ? அப்பிடியெண்டால் அது இருதயம் பம்ப் பண்ணுறதில கோளாறு, கெதியாக் காட்டவேணும்.

அம்மாவுக்கும் ஒரு வேலை குடுங்கோ. நெஞ்சைப் பற்றிக் கேக்கிறது காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா மட்டும். அவ கேக்கக் கேக்க அவர் உள்ளுக்க தேடிப் பாக்கிறார், தேடினால் எந்த உடம்பிலயும் ஒரு குத்து அம்பிடும். கோழிக்குத் தீன் போடுறது, கன்றுக்குத் தண்ணி விடுறது, நெல்லுக் கணக்குப் பாக்கிறது போல சின்ன வேலையளைத் திருப்பி அவரிட்டைக் குடுக்கட்டும். அம்மாவின்ர பயத்தையும் ஆரும் இருந்து கேக்கவேணும், அண்டிரவு அவவும்தான் கண்டவ.

பீஸ் விசயம். பழைய காயத்தடியில தொட்டால் நோகிற, குளிருக்கு உளையிற, தோல் விறைச்ச நோ வேற. அந்த இடத்தை ஒருக்கா வடிவாத் தொட்டுப் பாத்து "இது பீஸ் நோ" எண்டு அப்பாவும் நீங்களும் தெரிஞ்சு வையுங்கோ, புது நோவோட குழம்பாது. பின்னால எப்பவாவது எம்ஆர்ஐ (காந்த ஸ்கான்) எடுக்கச் சொன்னால் பீஸ் இருக்கு எண்டு முதலே சொல்லவேணும். காந்தத்துக்கு அந்த இரும்பு அசையலாம். ஸ்ரென்ட் பெரும்பாலும் பிரச்சினை தராது, பீஸ்தான் பிரச்சினை.

வெடிச் சத்தத்துக்குப் பதறுறது, அந்தக் காலத்துக் கனவு, மே மாசம் வரக் கூடுறது இதுகள் இந்தப் பயத்தோட பின்னிப்போய்க் கிடக்கும். படபடப்பு, வேர்வை, மூச்சு எண்டு அண்டைக்கு உடம்பு காட்டினதையேதான் இண்டைக்கும் காட்டுது. அதால ஒண்டு மற்றதை எழுப்பும். இதை மேல சொன்ன ஏணியால மட்டும் இறக்க ஏலாது, தெரிஞ்ச ஆளோட கதைச்சுச் செய்யிற சிகிச்சை வேணும். கட்டாயப்படுத்தி அந்தக் கதையை வீட்டில கிளறாதேங்கோ. யானைவெடி போடுற நேரம் தெரிஞ்சால் முதலே சொல்லி வைக்கிறதே பெரிய உதவி.

முரசுமோட்டைப் பிள்ளை:

மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோகலாமோ? "எனக்கென்ன விசரோ" எண்டு கேப்பார். குளிசை தந்தால் இருதயக் குளிசையோட ஒத்துப்போகுமோ?

வார்ட் வாசல்:

மாரடைப்பு வந்த ஆக்களில கிட்டத்தட்ட ஐஞ்சில ஒருத்தருக்கு மனச்சோர்வு வருகுது, அதைப் பாக்காமல் விட்டால் நடக்கிறதும் குளிசை எடுக்கிறதும் குழம்பி இருதயத்துக்கும் கூடாது. அதால "இருதயத்துக்காகத்தான் போறம்" எண்டு சொல்லுங்கோ, பொய் இல்லை. இரண்டு கிழமைக்கு மேல ஒண்டிலயும் விருப்பம் இல்லாமல் இருந்தால், சாப்பாடு இறங்காட்டில், பயத்தால வீட்டுக்குள்ளயே முடங்கினால் போகவேண்டிய நேரம். அப்பாவுக்கு வந்திட்டுது எண்டுதான் நான் நினைக்கிறன். சாகலாம் எண்ட கதை வந்தால் ஒரு நாளும் பிந்தவேண்டாம், ஆளைத் தனிய விடவும் வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

இருதய கிளினிக்கில டொக்டரிட்டை நேராச் சொல்லி, மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கேளுங்கோ. குளிசை தந்தால் இருதயக்காரருக்கு வழமையாத் தெரிவு செய்யிறது செட்ரலின். வேலை செய்ய 2 தொடக்கம் 6 கிழமை எடுக்கும், முதல் கிழமை வயித்துக் குழப்பமும் கொஞ்சம் பதட்டமும் கூடலாம், அதைக் கண்டிட்டுத்தான் கனபேர் நிப்பாட்டுகினம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோட சேரேக்க இரத்தக் கசிவு கொஞ்சம் கூடக்கூடும் எண்டபடியால் வயித்துக்குப் பாதுகாப்புக் குளிசை வேணுமோ எண்டு கேளுங்கோ. அதில ஒமெப்ரசோல் குளோபிடோக்ரலின்ர வேலையைக் குறைக்கும், பன்டொப்ரசோல் நல்லம். அமிட்ரிப்டிலின் மாதிரிப் பழைய குளிசையள் மாரடைப்பு வந்து கொஞ்ச நாளில பொருத்தமில்லை. வேற நோவுக்கு ஆரும் முந்தித் தந்தது வீட்டில கிடந்தால் எடுத்துக் காட்டுங்கோ.

போகேக்க கிளினிக் கொப்பி, வெட்டுத்துண்டு (ஆஸ்பத்திரியால விடேக்க தந்தது), எக்கோ ரிப்போட், எல்லாக் குளிசையும் ஒரு பையில, பிறசர் கொப்பி, இரவு எழும்பின நேரங்களும் அப்ப பாத்த சீனி அளவும். நாட்டு மருந்து ஏதும் எடுத்தால் அந்தப் போத்தலையும் கொண்டுபோங்கோ, ஒளிக்கவேண்டாம்.